இழுப்பது வேறு, சுமப்பது வேறு: நான்கு பிக்-அப்களும் ஒரு ட்ரெய்லரும்

டெக்சாஸில் பிக்-அப் ட்ரக் வாங்கப் போவதாக வாயைத் திறந்துவிட்டால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எவ்வளவு இழுக்கும்?" பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அலுவலகத்தில் எதிர் இருக்கைக்காரர் கேட்பார். ட்ரெய்லர் என்ற ஒன்றைத் தொட்டே பார்த்திராத நம்மூர் நண்பர்களும் கேட்பார்கள். விற்பனையாளரோ மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: ஃபோர்டு எஃப்-150 என்றால் 13,500 பவுண்டு, செவர்லே சில்வராடோ 1500 என்றால் 13,300, டொயோட்டா டன்ட்ரா 12,000, ராம் 1500 பதினோராயிரத்துச் சொச்சம். எல்லாமே அதிகபட்சக் கணக்கு, கிலோவில் ஐந்து முதல் ஆறு டன். இந்த எண்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு ட்ரக் வாங்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நாங்கள் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். 26 அடி நீளத்தில் ஒரு பயண ட்ரெய்லர் வைத்திருக்கிறோம். உள்ளே படுக்கைகள், சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. தண்ணீரும் பாத்திரமும் அரிசியும் ஏற்றினால் 7,000 பவுண்டு, அதாவது மூவாயிரத்துச் சொச்சம் கிலோ. வீட்டில் அதிகம் இழுப்பவள் நான்தான். தன் பின்னால் ஒரு வீடே துரத்திக்கொண்டு வருவதை என் கணவர் விரும்புவதில்லை. முன்பு எங்களிடம் இருந்த சில்வராடோ, பக்கத்து வீட்டுக்காரரின் ராம், சான் அன்டோனியோவில் இருக்கும் என் தம்பியின் டன்ட்ரா, இப்போது எங்களிடம் உள்ள எஃப்-150 என்று நான்கிலும் இதே ட்ரெய்லரைப் பூட்டி ஓட்டியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இழுவை எண்ணின் யோக்கியதையை முதலில் பார்த்துவிடலாம். 2012 அக்டோபரில் எண்டெவர் விண்ணோடத்தை லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கள் வழியாகக் கலிஃபோர்னியா அறிவியல் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் 405 நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம். விண்ணோடத்தைச் சுமந்துவந்த கனமான இயந்திர மேடையோடு அந்தப் பாலத்தில் ஏற முடியாது என்பதால், எடை குறைந்த வேறு சக்கர மேடைக்கு மாற்றி, அதன் முன்னால் ஒரு டொயோட்டா டன்ட்ராவைக் கட்டினார்கள். மொத்த எடை சுமார் 2,92,000 பவுண்டு. பத்தாயிரம் பவுண்டு அளவில் இழுக்கக்கூடியது என்று காகிதத்தில் போட்டு விற்கப்பட்ட வண்டி, ஏறக்குறைய முப்பது மடங்கு பாரத்தை அமைதியாகப் பாலத்தைத் தாண்டி இழுத்துப்போனது. டொயோட்டாக்காரர்கள் மகிழ்ந்துபோய் விளம்பரம் எடுத்தார்கள். வித்தை ஒன்றும் இல்லை. சமதரையில், நடை வேகத்தில், சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தை உருட்ட அவ்வளவு வலு போதும். அதே பாரத்தை 65 மைல் வேகத்தில் போகும்போது நிறுத்த வேண்டும் என்றாலோ, அதில் பத்தில் ஒரு பங்கு ட்ரக்கின் முதுகில் இறங்கியிருந்தது என்றாலோ கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முதுகில் இறங்கும் எடை என்று சொன்னேன் இல்லையா, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயரின் காற்றழுத்தம் போட்டிருக்கும் கட்டத்துக்கு மேலே ஒரே ஒரு வரி: பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. இது அந்த மாடலுக்குப் பொதுவாகச் சொன்ன எண் அல்ல. உங்கள் கண்முன் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு, ஆலையில் அதில் மாட்டிய கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, பெரிய சக்கரம் எல்லாவற்றின் எடையையும் கழித்து அச்சடித்த எண். விற்பனைக் கூடத்தில் யாரும் இதைக் காட்டமாட்டார்கள். நாமாகத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

எங்கள் கணக்கு இது. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ட்ரக்கின் கொக்கி மேல் இறங்கியாக வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்ட ஆரம்பிக்கும், அது ஆரம்பித்தால் அடக்குவது கடினம். 7,000 பவுண்டில் 13 சதவீதம் என்று வைத்தால் 910. எடையை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் இரும்பு 90. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், சேர்ந்து சுமார் 520. பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, சைக்கிள்கள், மடக்கு நாற்காலிகள், தண்ணீர் கேன் என்று 230. கூட்டினால் 1,750 பவுண்டு. 13,000 இழுக்கும் என்று மார்தட்டும் வண்டி இந்த 1,750ஐச் சுமக்குமா என்பதே கேள்வி. இழுவை எண்ணில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறோம், அவ்வளவுதான், சுமை எண்ணோ நிரம்பி வழிகிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் ராம், உச்சத்தில் உள்ள லிமிடெட் ரகம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் சஸ்பென்ஷன், கண்ணாடிக் கூரை, இரு பக்கமும் தானாக இறங்கும் மின்படி. ஸ்டிக்கரில் 1,180 பவுண்டு. தம்பியின் டன்ட்ரா '1794' என்ற பெயருள்ள ரகம், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். அதில் 1,390. எங்கள் பழைய சில்வராடோ நடுத்தர ரகம், 1,720. இப்போதுள்ள எஃப்-150 எக்ஸ்எல்டி, துணி இருக்கை, பின்சக்கர இயக்கம் மட்டும், 1,910. விலையில் மேலிருந்து கீழே வரிசைப்படுத்தினால் சுமைத் திறனில் கீழிருந்து மேலே வந்து நிற்கிறது. ஒவ்வொரு சொகுசுக்கும் ஓர் எடை இருக்கிறது, அந்த எடை நம் குடும்பத்துக்கும் ட்ரெய்லருக்கும் ஒதுக்கிய கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பண்ணை வேலைக்குப் பெயர்போன பெயர்களைத்தான் இந்தச் சொகுசு ரகங்களுக்குச் சூட்டுகிறார்கள் என்பது தனி வேடிக்கை. எஃப்-150இன் கிங் ராஞ்ச், தெற்கு டெக்சாஸின் பிரம்மாண்டமான மாட்டுப்பண்ணையின் பெயர். டன்ட்ராவின் 1794, சான் அன்டோனியோவில் டொயோட்டா ஆலை நிற்கும் நிலத்தில் அந்த ஆண்டில் தொடங்கிய பண்ணையின் நினைவு. பெயரில் மாடும் குதிரையும் துள்ளும். வைக்கோல் கட்டுகளை ஏற்ற வேண்டுமென்றால், துணி இருக்கை போட்ட வெள்ளை நிற வேலைக்கார ரகத்தைத்தான் தேட வேண்டும்.

விளம்பர இழுவை எண்கள் முன்பைவிட யோக்கியமாகியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போன போக்கில் அளந்து அறிவித்தது. 2008இல் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் ஜே2807 என்று ஒரு பொது அளவுகோலை வெளியிட்டது. டொயோட்டா 2011 மாடலிலேயே தன் எண்களைக் குறைத்துக்கொண்டு அதற்குள் வந்தது. மற்ற மூவரும் 'நீ முதலில் வா, நான் வருகிறேன்' என்று இழுத்தடித்து 2015 வாக்கில்தான் வந்தார்கள். சோதனை கடினமானதுதான். அரிசோனாவின் 68ஆம் நெடுஞ்சாலையில், டேவிஸ் அணைப் பக்கம் 11.4 மைல் ஏற்றம். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருக்க வேண்டும், ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், வண்டி 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் அந்தச் சோதனை வண்டியில் தலா 150 பவுண்டு எடையில் இரண்டே பேர். கொக்கியில் 10 சதவீத எடை. பின்னிருக்கையில் சண்டை போட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் விறகுக் கட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? ட்ரெய்லர் இல்லாத நாளில் ராமுக்கு இணை எதுவும் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிக்-அப் என்றால் பின்னச்சில் கமான் பட்டைதான் என்று எல்லோரும் இருந்தபோது, 2009 மாடலில் ராம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. 2013இல் காற்றுப்பையும் விருப்பத் தேர்வாக வந்தது. கமான் பட்டை எடை ஏற்றினால் அடங்கும். காலியாக ஓட்டினால் காலி மாட்டுவண்டி கப்பிச் சாலையில் போவதுபோல் பின்பக்கம் தூக்கிப் போடும். எங்கள் சில்வராடோவில் வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் எழுதப்பட்டது. எஃப்-150உம் பட்டைதான், ஆனால் கொஞ்சம் மென்மை. டன்ட்ரா 2022இல் புதிதாக வந்தபோது சுருளுக்கு மாறிவிட்டது, இருந்தும் ராமின் நயம் வரவில்லை. உள்ளே சத்தமும் ராமில்தான் குறைவு. என் அத்தை சென்னையிலிருந்து வந்திருந்தபோது பக்கத்து வீட்டு ராமில் ஒருமுறை போய்விட்டு, "இது லாரி என்றா சொன்னாய்? நம் வீட்டு சோபாவைவிட நன்றாக இருக்கிறதே" என்றார்.

அதே அத்தை எங்கள் எஃப்-150இல் ஏறுவது வேறு காட்சி. இருக்கையின் விளிம்பு அவர் இடுப்புக்கு மேலே இருக்கும். முதலில் இடது கையால் தூணில் இருக்கும் கைப்பிடியைப் பிடிப்பார், வலது கையால் சேலைக் கொசுவத்தைச் சேர்த்துத் தூக்கிக்கொள்வார், பக்கப்படியில் ஒரு காலை வைத்து, "முருகா" என்று ஒரு முறை சொல்லி உந்துவார். நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், பிடிக்க வேண்டியிருக்காது, ஆனாலும் நிற்பேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இருக்கை உயரத்தையும் கைப்பிடி இருக்கும் இடத்தையும் கடையில் அவர்களையே ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இந்தக் கட்டம் இருக்காது. ராமின் காற்றுப்பை இந்த இடத்தில் பெரிய உபகாரம், வண்டியை நிறுத்தியதும் தாழ்ந்து கொடுக்கும்.

மலைக்கு வருவோம். டல்லாஸ்காரர்கள் கோடையில் கொலராடோவுக்கு ஓடுவது வழக்கம். 287ஆம் நெடுஞ்சாலையில் ஏறி அமரில்லோ, பிறகு டால்ஹார்ட், நியூ மெக்சிகோவின் கிளேட்டன், அங்கிருந்து ராட்டன் கணவாய். கணவாயின் உச்சி 7,834 அடி. டெக்சாஸின் வடமுனைச் சமவெளியில் மலை இல்லை, ஆனால் காற்று உண்டு. பத்தடிக்கு மேல் உயரமுள்ள ட்ரெய்லரின் பக்கச் சுவர் அந்தக் காற்றுக்குப் பாய்மரம். எதிரே பெரிய லாரி ஒன்று கடக்கும்போது முதலில் ட்ரெய்லரை நம் பக்கம் தள்ளும், அடுத்த நொடி தன் பக்கம் இழுக்கும். ட்ரக்கின் பின்பக்கம் நெளிவது இருக்கையிலேயே தெரியும். அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகக் கட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் ட்ரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் விரலால் மெல்ல நெருக்க வேண்டும். பின்னால் இருப்பது இழுபட்டு நேராகும். காற்றுப்பை ராமில் இந்த நெளிவு எனக்கு அதிகமாகத் தெரிந்தது. காலியாக ஓட்டும்போது இதமாக இருந்த அதே மென்மை, முதுகில் 900 பவுண்டு ஏறியதும் தளதளப்பாகிவிட்டது. சில்வராடோவும் எஃப்-150உம் இந்த இடத்தில் தரையைப் பிடித்து நிற்கின்றன. பட்டை வில்லுக்குப் பாரம் ஏறினால்தான் புத்தி வரும்.

ராட்டன் ஏற்றத்தில் எஞ்சின்களின் சாயம் வெளுக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஆயிரம் அடி ஏற ஏற சுமார் மூன்று சதவீதம் வலுவை இழக்கும், காற்று மெலிவதால். எங்கள் சில்வராடோவில் இருந்தது 5.3 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், 355 குதிரைத்திறன். கணவாய் உச்சியில் அதில் 80 குதிரைகள் இறங்கிப் போய்விட்டிருக்கும். கியர் மூன்றுக்கு இறங்கி, எஞ்சின் அலறிக்கொண்டு, 45 மைலில் லாரிகளோடு வலது ஓரத்தில் ஊர்ந்தோம். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் காதுக்குச் சுகமில்லை. எஃப்-150இன் 3.5 லிட்டர் டர்போ வி6 அதே ஏற்றத்தில் 60 மைலில் பேச்சுக் குரலைக்கூட உயர்த்தாமல் ஏறியது. மெலிந்த காற்றையும் டர்போ அமுக்கி உள்ளே அனுப்பிவிடுகிறது. ஃபோர்டு 2011இல் இந்த எஞ்சினை எஃப்-150இல் வைத்தபோது, 'ட்ரக்கில் ஆறு சிலிண்டரா' என்று சிரித்தவர்கள் உண்டு. டொயோட்டா 2022இல் வி8ஐக் கைவிட்டு டர்போ வி6க்குப் போனது. அதன் ஹைப்ரிட்டில் 437 குதிரைத்திறன், 583 பவுண்டு-அடி முறுக்குவிசை, நான்கில் தம்பியின் வண்டிதான் மிகவும் அனாயாசமாக இழுத்தது. ராம் 2025இல் ஹெமி என்ற தன் வி8 எஞ்சினை நிறுத்தி டர்போ ஆறு சிலிண்டரைக் கொண்டுவந்தது, வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் 2026க்கு ஹெமியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஹெமியின் உறுமலுக்காகத்தான் அந்தக் கூச்சல். ட்ரெய்லர் இழுப்பதற்கு என்றால் அந்த ஆறு சிலிண்டரே மேல். 420 குதிரைத்திறனில் ஹெமியைவிட 25 அதிகம், உயரத்தில் அது களைப்பதுமில்லை.

இறக்கத்தில் மட்டும் வி8க்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவேன். கணவாய்க்கு அப்பால் கொலராடோவின் ட்ரினிடாட் ஊர்ப் பக்கம் இறங்கும்போது பெரிய எஞ்சின் தானாகவே வண்டியைப் பிடித்து இறக்கியது. டர்போ வி6இல் பிரேக்கை அவ்வப்போது தொட வேண்டியிருக்கிறது. ட்ரெய்லர் மின்பிரேக் சரியாக அமைந்திருந்தால் இது பெரிய குறையில்லை.

பின்னோக்கி ஓட்டுவது தனிக் கலை. ட்ரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும், மூளை அதை ஏற்க மறுக்கும். முகாம் மைதானங்களில் மாலை நேரத்தில் கணவன் மனைவி சண்டை நடக்கிறது என்றால் யாரோ ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்று பொருள். ஃபோர்டு 2016 மாடலில் இதற்கு ஒரு திருகு கொடுத்தது. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருகைத் திருப்பினால் போதும், ஸ்டியரிங் தானாகச் சுழலும். பக்கத்து இடத்து முதியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு வெட்கமில்லை. சில்வராடோவில் இதற்கு ஈடாகக் கேமராக்கள் உண்டு. ட்ரெய்லரின் பின்னால் தனியாக ஒரு கேமரா பொருத்தினால், ட்ரெய்லரே கண்ணாடியாகிவிட்டதுபோல் பின்னால் வரும் கார்களைத் திரையில் காட்டும் வசதிகூட இருக்கிறது. திரைகளின் அளவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எல்லாம் பெரிதாகவே இருக்கின்றன.

ஏற்றியது எவ்வளவு என்று ஊகிக்கத் தேவையில்லை, எடைபோடலாம். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடைகள் இருக்கும். லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று, முன்சக்கரம் முதல் பலகையில், பின்சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்தி, கம்பத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், எந்த கம்பெனி, வண்டி எண் என்ன என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்கும். 'சொந்த வண்டி' என்று சொன்னால் போதும். சில டாலர்களில் மூன்று எடைகளும் அச்சிட்ட சீட்டு கைக்கு வரும். எங்களுக்கு ட்ரெய்லர் விற்றவர், "சாதாரண பிக்-அப்பே தூங்கிக்கொண்டே இழுக்கும்" என்று சொல்லியிருந்தார். அவர் கொடுத்த காகிதத்தில் இருந்தது காலி ட்ரெய்லரின் எடை. பேட்டரி, எரிவாயு உருளை, தண்ணீர் எதுவும் அதில் இல்லை. சீட்டைப் பார்த்த பிறகு நாங்கள் சைக்கிள்களை ட்ரக்கிலிருந்து எடுத்து ட்ரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே மாற்றினோம். சின்ன வேலைதான், ட்ரக்கின் பின்சக்கரத்திலிருந்து கணிசமான எடை இறங்கியது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தால், நான்கு வண்டிகளுக்கும் ஒரே ஜாதகம். நான்கு கதவு, சிறிய தொட்டி என்ற வழக்கமான அமைப்பில் 19 அடிக்கு மேல் நீளம், கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே 6 அடி 8 அங்குலத்தை ஒட்டிய அகலம். வீட்டு கராஜில் நுழைத்தால் முன்னால் ஒரு சாணும் பின்னால் ஒரு சாணும் மிஞ்சும், சில வீடுகளில் அதுவும் மிஞ்சாது. கடைத்தெருவில் தூரத்தில் நிறுத்திவிட்டு நடப்பது பழகிவிடும். எனக்கு உறுத்துவது முன்பக்க உயரம்தான். பானெட் விளிம்பு பத்து வயதுப் பிள்ளையின் தலையை மறைக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (ஐஐஎச்எஸ்) 2023இல் வெளியிட்ட ஆய்வில், முன்முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிடப் பாதசாரிகளைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பள்ளி வாசலில் என் வண்டியை நான் ஆமையாக நகர்த்துவது அதனால்தான். முன்கேமரா இருக்கும் ரகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்த ஒரே சொகுசும் அதுதான்.

மறுபக்கம், ட்ரக் வைத்திருப்பவருக்கு நண்பர்களே குறைவதில்லை. சோபா மாற்ற வேண்டுமா, கூப்பிடு. ஜனவரியில் தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழா என்றால் கரும்புக் கட்டு, பானை, ஒலிபெருக்கி, மடக்கு மேசை எல்லாம் என் தலையில்தான். இந்த வேலையில் சில்வராடோவின் பின்பம்பர் மூலையில் இருக்கும் கால் வைக்கும் குழி எனக்கு இன்னும் ஞாபகம் வருகிறது. எஃப்-150இல் தொட்டிக்குள் ஏற ஒரு காலை எங்கே வைப்பது என்று இன்றும் தேடுகிறேன். டன்ட்ராவில் பின்கண்ணாடி முழுவதும் கீழே இறங்கும், நீளமான பலகையை உள்ளே நீட்டிவிடலாம்.

பெட்ரோல் பற்றி நீட்டத் தேவையில்லை. ட்ரெய்லர் பூட்டினால் நான்கும் கேலனுக்கு எட்டிலிருந்து பத்து மைல். காலியாக ஓட்டினால் அரசுக் கணக்குப்படி 5.3 வி8க்கு 17, 18. எஃப்-150 ஹைப்ரிட்டுக்கு 24ஐ ஒட்டி. சில்வராடோவில் 3 லிட்டர் டீசல் ஒன்று உண்டு, 495 பவுண்டு-அடி முறுக்குவிசையும் நல்ல மைலேஜும் தரும். நீண்ட தூரம் அடிக்கடி போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் எஞ்சின் அது.

எஃப்-150 ஹைப்ரிட்டை நாங்கள் ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். ஆசை இருந்தது. 2021 பிப்ரவரியில் பனிப்புயலில் டெக்சாஸ் மின்கட்டமைப்பு சரிந்தபோது, அந்த வண்டியின் தொட்டியில் இருக்கும் 7.2 கிலோவாட் மின்செருகியில் வீட்டு ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் ஓட்டியவர்கள் இருந்தார்கள். விற்பனையாளர்களிடம் இருக்கும் வண்டிகளைத் தவிப்பவர்களுக்கு இரவல் கொடுக்கும்படி ஃபோர்டு கேட்டுக்கொண்டது. அந்த வாரம் வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து சுமைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, எங்கள் 1,750க்கு இடமில்லை என்று கைவிட்டோம். தனி ஜெனரேட்டர் மலிவு.

எந்தக் கம்பெனி நம்பகமானது என்ற வாதத்தில் நான் கலந்துகொள்வதில்லை. 2024இல் டொயோட்டா, உற்பத்தியின்போது எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகளுக்காக ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, டன்ட்ராவும் அதில் அடக்கம். 2025இல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8க்காக அமெரிக்காவில் மட்டும் ஆறு லட்சம் வண்டிகளை அழைத்தது. புது எஞ்சின் வந்த முதல் ஆண்டில் வாங்காதே என்ற பழைய யோசனையைத்தான் நானும் பின்பற்றுகிறேன்.

இந்தச் சந்தையில் ஏன் நான்கைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதற்குக் காரணம் கோழி. அறுபதுகளில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதும், டெக்சாஸ்காரரான ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலுக்கு இறக்குமதி ட்ரக்குகள் மேல் 25 சதவீத வரி விதித்தார். 1964இலிருந்து அது நிற்கிறது. ஆகவே டன்ட்ரா, டொயோட்டா என்ற ஜப்பானியப் பெயரோடு 2006இலிருந்து சான் அன்டோனியோவில் தயாராகிறது. தம்பி தன் வண்டியை 'எங்கள் ஊர் வண்டி' என்று சொல்லிக்கொள்வதில் பொய்யில்லை.

மின்சார ட்ரக்குகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்கு ட்ரெய்லர்தான் காரணம். எஃப்-150இன் மின்சார ரகமான லைட்னிங் (2025 இறுதியில் ஃபோர்டு அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது) காலியாகப் போனால் 300 மைல் அளவில் போகும், ட்ரெய்லர் பூட்டினால் அதில் பாதிதான். கிளேட்டனுக்கும் ராட்டனுக்கும் நடுவே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நகரத்துக்குள் ட்ரக் வேண்டும், ட்ரெய்லர் வேண்டாம் என்பவர்களுக்கு அதைவிட இதமான வண்டி இருந்ததில்லை.

ஆகவே யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ட்ரெய்லரின் எடையும் குடும்பத்தின் எடையும்தான். படகோ சிறிய ட்ரெய்லரோ, 5,000 பவுண்டுக்குள் என்றால் ராமை வாங்குங்கள், மிச்ச நாளெல்லாம் சுகமாக இருக்கும். 6,000, 7,000 என்றால் எஃப்-150 அல்லது சில்வராடோ, நடுத்தர ரகத்தில், கடையில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறந்து ஸ்டிக்கரைப் படித்து. ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளுக்குள் 300 பவுண்டு வித்தியாசம் பார்த்திருக்கிறேன். மலைக்கு அடிக்கடி போவேன் என்றால் டன்ட்ரா, ஹைப்ரிட் இல்லாமல். 9,000 பவுண்டுக்கு மேல் போகும் பெரிய ட்ரெய்லர் என்றால் இந்த நான்கையும் மறந்துவிட்டு அடுத்த அளவுக்கு, எஃப்-250, 2500 வரிசைக்குப் போய்விடுங்கள், காலியாக ஓட்டும்போது குலுக்கினாலும் பரவாயில்லை. நாங்களும் அதைப் பற்றி யோசித்தோம். என் கணவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார், திரும்பி வந்து நாடாவை மேசை இழுப்பறையில் போட்டார், பேச்சு அத்தோடு முடிந்தது.